ஆயருக்கு ஓய்வு விடுப்பு: சின்னச் சேகரத்தின் கமிட்டிக்கு ஒரு வழிகாட்டி

சேகரக் கமிட்டிக்குப் புதிதாகத் தேர்வாகி வந்திருக்கும் செயலாளர், பொருளாளர், உறுப்பினர்களுக்காக எழுதியது இது. சின்னச் சேகரம் என்றால் நாற்பது முதல் எண்பது குடும்பம் உள்ள ஒரு தாய்ச்சபை, இரண்டு மூன்று கிளைச்சபை, ஓர் ஆயர் (போதகர்), கொடுத்துவைத்திருந்தால் அவருக்கு உதவ ஓர் உபதேசியார். குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு, போளூர் பக்கம் இப்படிப்பட்ட சேகரங்கள் நிறைய. பெரிய நகரச் சபைக்கு இதில் பாதி தேவைப்படாது. அங்கே துணை ஆயர் இருப்பார்.

ஓய்வு விடுப்பு, அதாவது சில ஆண்டுப் பணிக்குப் பின் சம்பளத்தோடு தரும் நீண்ட ஓய்வு, இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் மிஷனரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘பர்லோ’ என்று தாய்நாடு போய்வந்தார்கள். கோடையில் கொடைக்கானலும் ஏறினார்கள். அவர்களோடு கிராமம் கிராமமாக நடந்த நம்மூர் உபதேசியாருக்கும் போதகருக்கும் அந்த ஏற்பாடு கிடைக்கவில்லை. மிஷன் போய்ச் சபை வந்தது, பங்களா போய் ஆயர் இல்லம் வந்தது. ஓய்வு மட்டும் வரவே இல்லை. ஆகவே ஆயருக்கு மூன்று மாத விடுப்பு என்று நீங்கள் பேச்செடுத்தால் கமிட்டியில் முதலில் விழும் கேள்வி, “ஐயா மேல ஏதாவது புகாரா?” என்பதாகத்தான் இருக்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் வேறு எதையும் தொடங்காதீர்கள்.

ஒன்றை இப்போதே மனதில் வையுங்கள். ஆயர் எங்கே போனார், என்ன படித்தார் என்பதைவிட, அவர் இல்லாத மூன்று மாதத்தில் யார் யார் எந்த வேலைக்குப் பழகினார்கள், அவர் வந்தபிறகும் அதை விடாமல் வைத்திருக்கிறார்களா என்பதில்தான் சபையின் உயிர் இருக்கிறது. கீழே உள்ள எல்லாப் படிகளும் அதை நோக்கியே.

முதல் படி: வேலைக் கணக்கு (ஒன்பது மாதம் முன்)

ஆயர் ஒரு நோட்டில் இரண்டு வாரம், காலை முதல் இரவு வரை என்ன செய்தார் என்று எழுத வேண்டும். பிரசங்கம், ஜெபம், வீடு சந்திப்பு மட்டும் எழுதினால் போதாது. தண்ணீர் மோட்டார் போட்டது, மைக் செட் ஒயர் ஒட்டியது, ஞாயிறு பாட்டு நம்பரை வாட்ஸாப்பில் அனுப்பியது, கல்லறைத் தோட்டத்துச் சாவி தேடியது, ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது, ஒருவரின் மகளுக்குக் கல்லூரி சீட்டுக்காக யாரிடமோ பேசியது, எல்லாம் எழுத வேண்டும்.

வேலூர்ப் பக்கத்து ஆயர்களின் நோட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இல்லாத ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: சி.எம்.சி., அதாவது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தெற்கே இருந்தோ ஆந்திராவில் இருந்தோ வைத்தியத்துக்கு வந்தவர், அவர் ஊர் ஆயருக்குத் தெரிந்தவர், “ஐயா, வார்டுல போய் ஒரே ஒரு ஜெபம் பண்ணிட்டு வந்துடுங்க” என்று போன். காட்பாடியில் ரயில் இறங்கி லாட்ஜ் கிடைக்காதவர்களுக்கு இடம் பார்ப்பது வரை அது நீளும். இது நல்ல ஊழியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கிற சாப்ளின்கள் இருக்கிறார்கள். வெளியூர் போன் வந்தால் அங்கே கைகாட்டிவிடலாம் என்று பல ஆயர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நோட்டு நிரம்பியதும் கமிட்டி ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஓர் எழுத்துப் போட வேண்டும். அபிஷேகம் (குருப்பட்டம்) பெற்றவர்தான் செய்ய வேண்டியது ‘அ’. பழக்கினால் யாரும் செய்யக்கூடியது ‘ப’. யாருமே செய்யத் தேவையில்லாதது, நிறுத்திவிடலாம் என்பது ‘நி’. பெரும்பாலும் ‘ப’தான் பக்கத்தை நிரப்பும். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் மோசேயின் மாமனார் எத்திரோ வந்து, காலை முதல் மாலை வரை வரிசையில் நிற்கும் ஜனத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதும் இந்தக் கணக்குத்தான்: பெரிய வழக்கு உன்னிடம், சிறியது ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒரு தலைவரிடம்.

‘நி’ என்று போடத் துணிவு வேண்டும். நாலே பேர் வரும் ஒரு கூட்டம் இருபது வருடமாக நடக்கிறது என்பதற்காக இன்னும் நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

தேதி

அமெரிக்கச் சபைகளில் ஐந்து முதல் ஏழு ஆண்டு ஒரே சபையில் பணி செய்தபின் மூன்று மாதம் என்பது பரவலான வழக்கம். அதை அப்படியே இங்கே வைத்தால் எந்த ஆயருக்கும் விடுப்பு வராது. ஏழாம் ஆண்டுக்கு முன்பே மாற்றல் வந்துவிடும். எனவே ஒரே சேகரத்தில் இருந்த ஆண்டை எண்ணாமல், குருப்பட்டம் பெற்றதிலிருந்து எண்ணுங்கள். வந்து ஒரு வருடம்கூட ஆகாத ஆயரை அனுப்பாதீர்கள். சபைக்கு அவர் முகமே இன்னும் பழகியிருக்காது. மாற்றல் எதிர்பார்க்கும் ஆண்டிலும் வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை எங்கள் சிபாரிசு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. லெந்தும் (தவக்காலம்) ஈஸ்டரும் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்கான மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) முடிந்து பள்ளி திறந்திருக்கும். பெந்தெகொஸ்தேவுக்குப் பிந்தைய ஞாயிறுகளில் பெரிய பண்டிகை இல்லை. ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால், இந்து உறவினர் உள்ள குடும்பங்கள் கல்யாணம் வைக்கத் தயங்குவார்கள். ஆவணி வரை கல்யாண நெருக்கடி குறைவு. செப்டம்பர் 27, 1947இல் நம் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. அந்த நாளையொட்டிய ஞாயிறு ஆராதனைக்கு ஆயர் திரும்பி நின்றால் நன்றாக இருக்கும். உங்கள் சபையின் அறுப்புப் பண்டிகைத் தேதியைப் பார்த்து ஒரு வாரம் முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள். மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையும் கோழியும் ஏலம் விடுகிற நாளில் ஆயர் இல்லை என்றால், மூன்று மாதம் பொறுத்த சபைகூட அன்று பொறுக்காது.

ஒரு சிக்கல் உண்டு. ஜூனில் ஆயரின் பிள்ளைகளுக்குப் பள்ளி. ஆயரம்மா ஆசிரியையாக இருந்தால் அவருக்கும். இதற்கு வழி, விடுப்பை மே கடைசி இரண்டு வாரத்திலேயே குடும்பத்தோடு தொடங்குவது. வி.பி.எஸ்ஸை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே நடத்தட்டும். அதுவே அவர்களுக்கு முதல் பரீட்சை.

மூன்று மாதம் முடியாது என்றால் ஆறு வாரம். அதற்குக் கீழே போனால் அது விடுமுறைதான். முதல் இரண்டு வாரம் தூக்கத்திலேயே போய்விடும், கடைசி வாரம் திரும்பும் யோசனையில் போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அனுமதியும் தீர்மானமும் (ஏழு மாதம் முன்)

சேகரங்களுக்கு மேலே உள்ள பேராயத்தின் விதிகளில் ஆயர்களுக்கான நீண்ட விடுப்பு, படிப்பு விடுப்பு பற்றி என்ன இருக்கிறது என்று பேராய அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி பதில் போதாது. அலுவலகத்தில் ஆள் மாறினால் பதிலும் மாறும். பிறகு கமிட்டித் தீர்மானம். அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: விடுப்பு தொடங்கும், முடியும் தேதி, முழுச் சம்பளமும் படியும் தொடரும் என்ற உறுதி, பொறுப்பு ஆயர் யார், காசோலையில் யார் கையெழுத்து, விடுப்பு முடிந்து ஓர் ஆண்டாவது அதே சேகரத்தில் ஆயரை விட்டுவைக்கும்படி பேராயருக்கு வேண்டுகோள். கடைசி விஷயத்தை எழுதக் கூச்சப்படுவார்கள். எழுதாவிட்டால் ஆயர் ஓய்வெடுத்துப் புதுப் பெலத்தோடு வருவார், அந்தப் பெலம் அடுத்த சேகரத்துக்குப் போகும்.

தீர்மானம் ஆனதும் பொதுச்சபையில் ஆயர் தாமே அறிவிக்கக் கூடாது. செயலாளர் அறிவிக்கட்டும்: “ஐயாவுக்குச் சபையே கொடுக்கிற ஓய்வு இது.” இந்த ஒரு வாக்கியத்தில் புகார், சஸ்பென்ஷன் என்ற வதந்தியில் பாதி அடங்கும்.

தனிச் சபைகள், அதாவது போதகரே தொடங்கி நடத்தும் சபைகளில், அனுமதி கேட்க மேலே யாரும் இல்லை. அங்கே ஆபத்து வேறு. வங்கிக் கணக்கு, கட்டட வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு மூன்றும் போதகர் பெயரிலேயே இருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு வருடம்கூட ஆகலாம். விடுப்புக்கு முன் அந்த வேலையை முடியுங்கள்.

பணம்

நீங்கள் பயப்படும் அளவுக்கு ஆகாது. அறுபது குடும்பம் மாதம் ஐம்பது ரூபாய் தனிக் கவரில் போட்டால் மாதம் 3,000. பதினெட்டு மாதத்தில் 54,000. அதாவது வேலைக் கணக்கு நோட்டைத் திறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பே கவர் போடத் தொடங்க வேண்டும். செலவு இப்படி வரலாம்: பதின்மூன்று ஞாயிறுக்கு வெளியிலிருந்து வருபவரின் பயணப்படி, ஒருவருக்கு 800 வீதம் 10,400. திருவிருந்து (நற்கருணை) நடத்த வரும் ஆயருக்கு மூன்று முறை தலா 1,000. கிளைச்சபைகளுக்குப் போகும் ஆட்களின் பெட்ரோல் மாதம் 1,500 வீதம் 4,500. இதுவரை 17,900. மிச்சம் முப்பத்தாறாயிரத்துச் சொச்சத்தில் ஆயரின் பயணம், தங்கல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அடங்கும். உங்கள் ஊர் விலைக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு பகுதியைச் சபைக்கே ஒதுக்குங்கள்: பயிற்சி வகுப்பு, ஒரு ஒலிபெருக்கி, ஞாயிறு பள்ளிப் புத்தகம். எல்லாப் பணமும் ஆயரின் டூருக்கே போகிறது என்ற பேச்சு வந்தால் அடுத்த முறை கவர் காலியாக வரும்.

வங்கிக் கையெழுத்தை மறக்கவே கூடாது. பல சேகரங்களில் ஆயரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஆள் மாற்ற வங்கி தீர்மான நகல், ஆதார், பான், புகைப்படம் என்று கேட்டுச் சில வாரம் இழுக்கும். இரண்டு மாதம் முன்பே கொடுக்காவிட்டால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லும் உபதேசியார் சம்பளமும் தேங்கும். பொருளாளர் கைக்காசு போடுவார், கணக்கு குழம்பும், தணிக்கையில் சண்டை வரும்.

திருவிருந்து, கல்யாணம், சாவு

திருவிருந்தைப் பக்கத்துச் சேகர ஆயர் வந்து நடத்துவார். அவருக்கும் முதல் ஞாயிறு சொந்தச் சபையில் திருவிருந்து இருக்கும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலரும் தேதி போடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் உங்கள் திருவிருந்தை இரண்டாம் ஞாயிறுக்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது.

கல்யாணத்தில் சட்டம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர் மட்டுமே திருமணத்தை நடத்திப் பதிவேட்டில் கையெழுத்திடலாம். உபதேசியாரோ, நன்றாகப் பிரசங்கிக்கும் மூப்பரோ நடத்தினால் பாஸ்போர்ட், விசா என்று வரும்போது அந்தத் தம்பதிதான் அலைவார்கள். நேரமும் பொதுவாகக் காலை 6 முதல் மாலை 7 வரைதான். மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பதால், விடுப்பு தொடங்கும் முன்பே “ஜூன் முதல் செப்டம்பர் வரை கல்யாணம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்” என்று இரண்டு மாதம் தொடர்ந்து அறிவியுங்கள். பொறுப்பு ஆயரின் தேதியைப் பிடித்த பிறகுதான் மண்டபத்துக்கு அட்வான்ஸ்.

சாவு தேதி சொல்லி வராது. அடக்க ஆராதனைக்கு இரண்டு ஆயர்களின் பெயரை வரிசைப்படி எழுதிச் செயலாளர், உபதேசியார், பெண்கள் சங்கத் தலைவி மூவரிடமும் கொடுங்கள். கல்லறைச் சாவி யாரிடம், குழி வெட்டுபவர் யார், அடக்கப் பதிவேடு எந்த அலமாரியில் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். போவதற்கு முன் ஆயர் படுத்த படுக்கையாக இருக்கும் ஒவ்வொருவரையும் பார்த்து, தாம் திரும்பும் தேதியையும், அதுவரை யார் வருவார் என்பதையும் நேரில் சொல்லிவிட வேண்டும். இதைச் செய்யாமல் போனால், அந்தக் குடும்பம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டும். அதில் நியாயமும் உண்டு.

போனும் வீடும்

ஆயர் இல்லம் கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தால், ஆயர் உள்ளே இருக்கும்வரை விடுப்பு என்பது பேச்சளவில்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவர் சட்டை மாட்டிவிடுவார். முதல் நான்கு வாரமாவது வெளியூர் போகட்டும். ஏலகிரி பக்கத்திலேயே இருக்கிறது, செலவும் குறைவு. திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம், 1921இல் ஜேசுதாசனும் பேட்டனும் தொடங்கியது, மௌனத்தையும் எளிமையையும் பழகிய இடம். தங்க முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். படிக்க விரும்பினால் கீழ்ப்பாக்கம் குருகுல், மதுரை அரசரடி இறையியல் கல்லூரி, பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி இவற்றின் நூலகங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

சேகர வேலைக்குத் தனி சிம் இருந்தால் அதைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போவது உத்தமம். இல்லையென்றால் வாட்ஸாப் குரூப்பிலிருந்து ஆயர் வெளியேற வேண்டும்; சும்மா மௌனமாக்கி வைத்தால் போதாது, இரவு பதினொரு மணிக்குத் திறந்து பார்ப்பார். எந்த விஷயத்துக்கு மட்டும் அவரைக் கூப்பிடலாம் என்று கமிட்டி ஒரு தாளில் எழுதட்டும். போலீஸ், கோர்ட், பேராயர், அவர் சொந்தக் குடும்பம்: நான்கு போதும். பாடகர் குழுவில் யார் தனிப்பாட்டு பாடுவது என்ற சண்டை இதில் சேராது.

ஆயரம்மாவையும் சேர்த்தே விடுங்கள். பெண்கள் சங்கம், ஞாயிறு பள்ளி, வந்தவருக்கெல்லாம் காபி என்று சம்பளமில்லாத ஓர் ஊழியரை இத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள். அவருக்கும் அதே மூன்று மாதம்.

ஆயர் என்ன செய்வார்? முதல் வாரம் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், பல் என்று முழுப் பரிசோதனை. சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் அடையும் தண்ணீரும்தான் கொடுத்தான், தூங்கவும் விட்டான். ஓரேப் மலைக்குப் போனது அதற்குப் பிறகு. விடுப்பில் வெளியூர்க் கன்வென்ஷன்களில் பேசக் கூடாது என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். “சும்மாதானே இருக்கீங்க, மூணு நாள் வந்து பேசிட்டுப் போங்க” என்று கூப்பிட ஆள் காத்திருப்பார்கள்.

சபையின் மூன்று மாதம்

விடுப்புக்கு முன் ஆறு சனிக்கிழமை மாலை, ஒன்றரை மணி நேர வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அதில் பாதிப் பெண்கள், இரண்டு பேராவது முப்பது வயதுக்குக் கீழே. ஆராதனை முறைமை நடத்துதல், வேதவாசிப்பு, பரிந்துரை ஜெபம், வீட்டு ஜெபம், பன்னிரண்டு நிமிடச் செய்தி. செய்திக்கு ஒரே விதி: ஒரு வேதபகுதி, ஒரு பக்கம் எழுத்து, கடிகாரம். எழுதாமல் ஏறுபவர் நாற்பத்தைந்து நிமிடம் பேசுவார், இருபதாம் நிமிடத்தில் யாரோ ஒருவரை மறைமுகமாகச் சாடுவார், அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பம் வராது. வேதபாடப் பகுதிகளைத் திருச்சபையின் ஞாயிறு அட்டவணைப்படியே வையுங்கள். சொந்த விருப்பத்துக்கு விட்டால் எல்லாரும் தசமபாகத்தைப் பற்றியே பேசுவார்கள்.

வெளியிலிருந்து வரும் செய்தியாளர்கள் பொறுப்பு ஆயரின் ஒப்புதலோடு மட்டுமே வரட்டும். தனிக் காணிக்கை கேட்பதோ, தம் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதோ கூடாது என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆயர் இல்லாத சபையை மோப்பம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மூன்று மாதத்தின் முக்கிய வேலை சந்திப்பு. அறுபது வீடு, பன்னிரண்டு வாரம்: வாரம் ஐந்து வீடு. இரண்டிரண்டு பேராக மூன்று குழு இருந்தால் ஒரு குழுவுக்கு வாரம் இரண்டு வீடுகூட வராது. ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஆறரை ஏழுக்குத்தான் வீடு திரும்புவார்கள், ஆஸ்பத்திரி வேலைக்காரர்களுக்கு நைட் டூட்டி. நேரத்தை அவர்களிடம் கேட்டு வையுங்கள். கேள்வி மூன்று. கோயிலில் எதற்காக இன்னும் வருகிறீர்கள்? எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான்? உங்கள் தெருவில் யாருக்கு நாம் எதுவும் செய்யவில்லை? பதில் சொல்லும்போது குறுக்கே விளக்கம் கொடுக்காதீர்கள். காணிக்கை, சந்தா பாக்கி பற்றி அன்று மூச்சு விடாதீர்கள். ஒரு வீட்டில் கேட்டுவிட்டால் மற்ற வீடுகளில் கதவு திறக்காது. வெளியே வந்ததும் அவர்கள் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதுங்கள்.

லேவியராகமம் 25இல் ஏழாம் வருடம் நிலத்தைத் தரிசாகப் போடச் சொன்ன கர்த்தர், தானாக முளைத்தது எல்லாருக்கும் ஆகாரம் என்றும் சொன்னார். அப்படித் தானாக முளைப்பதைத் தேடுங்கள். யாரும் கேட்காமலே ஒரு விதவை பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து வசனம் சொல்லிக்கொடுக்கலாம். ஓர் ஆட்டோக்காரத் தம்பி முதியவர்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து விடலாம். அதைப் பிடித்துக் கமிட்டி போட்டு, தலைவர் செயலாளர் வைத்துக் கெடுத்துவிடாதீர்கள். பெட்ரோலுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் போதும்.

இந்த நாட்களில் செய்யக் கூடாதவை: தேர்தல், கட்டட வேலை தொடங்குதல், உபதேசியாரையோ வாட்ச்மேனையோ நீக்குதல், ஆராதனை நேரத்தை நிரந்தரமாக மாற்றுதல். பழைய கோஷ்டி ஒன்று ஆயர் இல்லாத நேரம் பார்த்துத் தீர்மானம் கொண்டுவரப் பார்க்கும். ‘விடுப்பு முடியும் வரை ஒத்திவைப்பு’ என்று முன்கூட்டியே ஒரு தீர்மானம் இருந்தால் தலைமை தாங்குபவருக்குக் கைகொடுக்கும்.

எண்ணிக்கையும் வேண்டும். விடுப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறு, நடுவில் நான்கு, பின்னால் நான்கு: வந்தவர்கள், அவர்களில் முப்பதுக்குக் கீழானவர்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், அன்று ஏதாவது ஒரு பொறுப்பைச் செய்தவர்கள். கடைசி எண்தான் முக்கியம். முதல் ஒரு மாதம் வருகை குறையும். வராமல் நிற்பவர்கள் ஆயருக்காக வந்தவர்கள். பதறாமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

திரும்பி வரும்போது

முதல் ஞாயிறு ஆயர் பிரசங்கிக்க வேண்டாம். குடும்பத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிக்கட்டும். இரண்டாம் வாரம் கமிட்டியோடு ஒன்றரை மணி நேரம். முதல் பாதி ஆயர் பேசுவார். மறுபாதி சந்திப்பு நோட்டை வாசிப்பது, விளக்கமோ பதிலோ இல்லாமல். அந்த நோட்டில் சில வரிகள் அவருக்கு வலிக்கும். அதனால் கூட்டத்துக்கு முன் செயலாளர் அதைத் தனியாக ஒருமுறை படிக்கக் கொடுப்பது மரியாதை.

பிறகு அந்தப் பழைய வேலைக் கணக்கை எடுங்கள். ‘ப’ என்று போட்ட ஒவ்வொரு வரிக்கும் நேரே இப்போது அதைச் செய்பவர் பெயரை எழுதி, ஆயர் முன்னிலையில் இன்னும் ஒரு வருடத்துக்கு உறுதிசெய்யுங்கள். இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். “ஐயா வந்துட்டார், இனி அவரே பார்த்துக்கட்டும்” என்று ஆட்கள் மரியாதையாக ஒதுங்குவார்கள். தம் வேலையை இன்னொருவர் நன்றாகவே செய்துவிட்டார் என்ற லேசான உறுத்தலில் ஆயரும் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். இரண்டே வாரத்தில் மோட்டார் ஸ்விட்ச்சும் கல்லறைச் சாவியும் பழைய இடத்துக்கு வந்துவிடும். யாராவது பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தால் ஆயர் வாங்கக் கூடாது. செயலாளரிடம் அனுப்ப வேண்டும், செயலாளர் வேறொருவரைத் தேட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே நான்கு எண்களை இன்னொரு முறை எடுங்கள், நோட்டையும் இரண்டு வாரம் மறுபடி எழுதச் சொல்லுங்கள். மாதாந்திர ஐம்பது ரூபாய் கவரை மட்டும் நிறுத்த வேண்டாம். அடுத்த விடுப்பு உபதேசியாருடையது.